யானை விலை குறைந்திருக்கிறது, தீனி விலை குறையவில்லை

வாசகர் கேள்விக்கு வாகன ஆய்வுப் பொறியாளரின் பதில்

கடிதம் எழுதிய வாசகருக்கு 43 வயது. மாதச் சம்பளக்காரர். மனைவியும் வேலைக்குப் போகிறார், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். பெயர், ஊர், காரின் பிராண்டு மூன்றையும் எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவருடைய அப்பா ஒரு தொழிலதிபரிடம் 31 வருடம் டிரைவராக இருந்தவர். "அந்தக் காரின் பின்சீட்டில் அப்பா ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. காத்திருக்கும் நேரத்திலும் வெளியே நிற்பார், இல்லையென்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பார். இப்போது அவருக்கு 74. முழங்கால் தேய்ந்துவிட்டது. அதே மாதிரிக் காரில் அவரைப் பின்னால் உட்கார வைத்து நான் ஓட்ட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

பார்த்து வைத்திருப்பது எட்டு வருடம் ஓடிய ஜெர்மன் சொகுசு செடான். டீசல், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு), 62,000 கிலோமீட்டர். புதிதாக விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறார்கள், அதாவது ஒரு புதிய சின்னக் காரின் விலை. விற்பவர் கார் வியாபாரி. தனக்கு விற்றவர் இரண்டாவது உரிமையாளர் என்கிறார், ஆனால் பதிவுப் புத்தகம் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மூன்று மாத உத்தரவாதம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். பாதிப் பணம் சேமிப்பிலிருந்து, மீதி கடன். அந்தப் பாதியைக் கொடுத்தால் சேமிப்பில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. அலுவலகம் ஒன்பது கிலோமீட்டரில்.

மனைவி கேட்பது: "யானையைக் கட்டித் தீனி போட நம்மால் முடியுமா?" மச்சான் சொல்வது: "இதற்கு மேல் விலை இறங்காது. ரெண்டு வருஷம் ஓட்டிவிட்டுப் போட்ட காசுக்கே விற்றுவிடலாம்." வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும், ஏமாந்தால் சட்டம் கைகொடுக்குமா என்று மூன்று கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

பழைய கார்களை வாங்குவதற்கு முன் சோதித்துச் சொல்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் சக்தியைப் பேசுவார்கள், விலை மலிவு என்பார்கள். எதற்காக அந்தக் கார் வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதனால் என்னாலும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல முடிகிறது. இந்தக் காரை, இப்போது கையில் இருக்கும் பணத்தை வைத்து, வாங்காதீர்கள். ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, கடைசியில் அதற்கு வருகிறேன்.

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. எட்டு வருடத்தில் அந்தக் காரின் விலை ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அதன் ஹெட்லைட்டின் விலை அப்படி ஆகவில்லை. ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸர், டீசல் இன்ஜெக்டர், கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை எல்லாம் இன்றும் அந்தக் கார் புதிதாக இருந்தபோது அதற்குப் பொருத்தமாக வைக்கப்பட்ட விலையில்தான் விற்கின்றன. சிலவற்றின் விலை ஏறியும் இருக்கும். வேலைக் கூலியும் அப்படியே. நீங்கள் சின்னக் காரின் விலைக்கு ஒரு காரை வாங்குகிறீர்கள், ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்து அதைவிட ஐந்து மடங்கு விலையுள்ள காரின் செலவைச் சுமக்கிறீர்கள். முதல் உரிமையாளருக்கு ஒரு பெரிய ரிப்பேர் காரின் விலையில் சிறு துளி. உங்களுக்கு அதே ரிப்பேர் காரின் விலையில் கால் பங்காக இருக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு இடம் இன்சூரன்ஸ். பழைய காருக்கான காப்பீட்டு மதிப்பு அதன் இன்றைய சந்தை விலையை ஒட்டியே இருக்கும். உதிரிபாகங்களோ புதுக் காரின் விலையில். அதனால் நடுத்தரமான ஒரு மோதலிலேயே, முன்பக்கம் நசுங்கி இரண்டு ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் போய் ஏர்பேக்கும் விரிந்தால், பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பைத் தாண்டிவிடும். நிறுவனம் காரை முழு நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, அதன் மதிப்பை மட்டும் கொடுக்கும். அந்தப் பணத்தில் கடனை அடைத்தபின் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தேய்மானத்தால் வரும் பழுதுக்குச் சாதாரண காப்பீடு எதுவும் தராது என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மச்சான் சொன்னது பாதி சரி. முதல் நான்கைந்து வருடத்தில் விழுகிற வேகத்தில் இனி விலை விழாது. ஆனால் நிற்கவும் செய்யாது. இரண்டு வருடம் கழித்து அது பத்து வயதுக் கார், மூன்றாவது அல்லது நான்காவது கை. இன்று உங்கள் மனைவிக்கு இருக்கும் அதே பயம் அன்று வாங்க வருகிறவருக்கும் இருக்கும். அவருக்குக் கடன் கிடைப்பதும் கடினம், பழைய வண்டிகளுக்குக் கடன் தர நிறுவனங்கள் தயங்கும், தந்தாலும் வட்டி கூடுதலாகவே இருக்கும். உங்களுக்கும் இப்போது அப்படிப்பட்ட வட்டிதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதையும் சேர்த்தால் 'போட்ட காசு' என்பது வியாபாரியிடம் கொடுத்த தொகையைவிடப் பெரியது.

குறைந்த கிலோமீட்டர் நல்லதா?

62,000 என்ற எண்ணைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். எட்டு வருடத்துக்கு வகுத்தால் வருடத்துக்கு 8,000-க்கும் குறைவு. இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. எண் பொய்யாக இருக்கலாம். அல்லது கார் அதிகம் நின்றே இருந்திருக்கலாம், சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடியிருக்கலாம். உண்மை எண்ணாக இருந்தாலும் எனக்கு அது பெரிய நிம்மதியைத் தருவதில்லை. ரப்பர் வருடக் கணக்கில் கெடுகிறது, கிலோமீட்டர் கணக்கில் மட்டும் இல்லை. ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப் பைகள் ரப்பர்தான். வயதானால் மடிப்புகளில் வெடிப்பு விடும், காற்று கசியும், கசிவை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போகும். ஒரு பையில் ஆரம்பித்த செலவு இப்படித்தான் நான்கு மூலைக்கும் பரவுகிறது.

அதைவிட முக்கியம், இது டீசல். இந்த வயது டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்குழாய் வழியில் துகள் வடிகட்டி ஒன்று இருக்கும், மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பார்கள். எஞ்சின் வெளியேற்றும் கரித்துகளை அது பிடித்து வைத்து, அவ்வப்போது தானே எரித்துவிட வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அந்தச் சூட்டுக்குத் தடையில்லாத நீண்ட ஓட்டம் வேண்டும். நீங்கள் தினமும் ஒன்பது கிலோமீட்டர் நெரிசலில் போய்வரப் போகிறீர்கள். எரிப்பு தொடங்குவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டீசல் சிக்கனம் என்பது நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு. உங்கள் தினசரி ஓட்டத்துக்குப் பெட்ரோல் கார்தான் பொருந்தும், இந்தக் காரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

பெரிய கார் என்பதால் பாதுகாப்பு அதிகம் என்றும் எழுதியிருந்தீர்கள். எடையும் கட்டுமானமும் உதவும், உண்மை. ஆனால் எட்டு வயது டயரில் அந்தப் பாதுகாப்பு நிற்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஏர்பேக்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் வாயுவை உண்டாக்கும் அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகச் சில்லுகளைப் பயணிகள் மேல் வீசியது. வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திரும்பப்பெறல் (குறையுள்ள பாகத்தை மாற்றித்தர நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது) அதுதான், பல சொகுசு பிராண்டுகளும் அதில் சிக்கின. காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்தால், நிலுவையில் இருக்கும் திரும்பப்பெறல் வேலை ஏதாவது உண்டா என்று அதிகாரபூர்வ சர்வீஸ் மையம் சொல்லிவிடும். அந்த வேலைக்கு வழக்கமாக உரிமையாளரிடம் பணம் வாங்குவதில்லை, இரண்டாம் கை, மூன்றாம் கை என்று பார்ப்பதுமில்லை.

எந்தக் காரானாலும் இப்படிச் சோதியுங்கள்

இந்தக் கார் இல்லாவிட்டாலும் நாளைக்கு வேறொன்றைப் பார்ப்பீர்கள், அதனால் சொல்கிறேன். முந்தைய இரவே நிறுத்திவைத்த காரைக் காலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லிவையுங்கள். போனதும் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஏர் சஸ்பென்ஷன் கார் என்றால், நாலு சக்கரத்துக்கு மேலும் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். இரவில் ஒரு மூலை தணிந்திருந்தால் அங்கே கசிவு.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் இரண்டு மூன்று நொடிதான் மிக முக்கியம். டைமிங் செயின், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி, தளர்ந்திருந்தால் சங்கிலியை உலுக்கினாற்போல் ஒரு சலசலப்பு கேட்கும், ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். சூடான எஞ்சினில் அது கேட்கவே கேட்காது. செயின் எல்லாக் காரிலும் முன்பக்கம் இருப்பதில்லை. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் அது கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்னால் இருக்கிறது, மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றி இறக்க வேண்டும். செயினின் விலை சின்னது, அதை எட்டுவதற்கான கூலிதான் ஆளை அசத்திவிடும்.

கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "அது ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்" என்று பதில் வரும். கார் நிறுவனங்கள் பலவும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கார்களில் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர் பேச்சைத்தான் நான் கேட்பேன்.

பிறகு ஸ்கேனர், காரின் கணினிகளில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி. எஞ்சினை மட்டும் ஸ்கேன் செய்து "கோளாறு எதுவும் இல்லை" என்று தாளை நீட்டுவதில் பயனில்லை. ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் என்று எல்லாக் கன்ட்ரோல் யூனிட்டையும் படிக்க வேண்டும். பல கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமின்றி வேறு சில யூனிட்டுகளிலும், சிலவற்றில் சாவியிலும்கூடப் பதிவாகும். மீட்டரைத் திருத்தியவர் எல்லா இடத்திலும் திருத்தியிருக்க மாட்டார். முதல்நாள்தான் கோளாறுப் பதிவுகளை அழித்திருந்தால், காரின் சுயசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். அப்படிக் காட்டினால் ஒரு வாரம் கழித்து வந்து திரும்பவும் படியுங்கள். இன்னொன்றும் உண்டு. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம்.

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் நீர்க்கறையோ வண்டலோ இருந்தால் கார் வெள்ளத்தில் நின்றது. மேலே கழுவுகிறவர்கள் அதுவரை கை விடுவதில்லை.

இவ்வளவையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. அந்தப் பிராண்டுக் கார்களிலேயே வேலை பார்த்துப் பழகிய, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பணம் கொடுத்துச் சோதியுங்கள். சோதிக்க விடமாட்டேன் என்று வியாபாரி சொன்னால் உங்கள் சோதனை அங்கேயே முடிந்தது. ஒருமுறை என்னிடம் ஒருவர் காரை வாங்கி நான்கு நாள் ஆனபின் கொண்டுவந்தார். லிஃப்டில் ஏற்றியதும் அடிப்பக்கம் முழுக்கச் சேற்றுத் தடம் தெரிந்தது. என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது, எவ்வளவு செலவாகும் என்று சொன்னது மட்டும்தான். அந்த மனிதர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காகிதம், உரிமை

நான் வழக்கறிஞன் இல்லை. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன், பணம் கைமாறும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயருக்கும் வியாபாரி சொல்லும் கதைக்கும் பொருந்தவில்லை. இரண்டாவது உரிமையாளர் தன் பெயருக்கு மாற்றாமலே விற்றுவிட்டார் என்றால், நடுவில் எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. முதல் உரிமையாளரிடம் நேரில் பேசி, அவர் கையொப்பத்தோடு உரிமை மாறினால் மட்டுமே அடுத்த அடி வையுங்கள். அந்தக் கார் மேல் பழைய கடன் பாக்கி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் அடமானம் வண்டியோடேயே போகும். வாங்கியவர் ஒரு பாவமும் அறியாதவராக இருந்தாலும் கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

ஏமாற்றினால் வழக்குப் போடலாம் என்று தைரியமாக எழுதியிருக்கிறீர்கள். போடலாம். தனிநபரைவிட வியாபாரிக்குப் பொறுப்பு அதிகம் என்பது பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது, மீட்டரைத் திருத்துவதும் பல நாடுகளில் குற்றம். ஆனால் 'இப்போதுள்ள நிலையிலேயே விற்கப்படுகிறது' என்ற ஒரு வரியில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் உங்கள் கை வெகுவாகக் கட்டப்படும். அந்த வாய்வார்த்தை மூன்று மாத உத்தரவாதம் எழுத்தில் வரும்போது எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எந்த பாகம், கூலி யாருடையது, எந்த ஒர்க்‌ஷாப், உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டால் பாதி உத்தரவாதம் காணாமல் போய்விடும். ஓடிய தூரம், விபத்து இல்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை என்ற மூன்றையும் விற்பனை ரசீதிலேயே அவர் எழுதித் தரட்டும். உண்மை சொல்கிறவருக்கு இதில் தயக்கம் இருக்காது.

வேறு வழிகள்

என் சொந்தக் கணக்கு இது. இந்த வகைக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, வாங்கியபின்னும் தொடாத சேமிப்பாகக் கையில் இருக்க வேண்டும், பிள்ளைகள் படிப்புக்கும் குடும்ப அவசரத்துக்கும் வைத்ததைத் தவிர்த்து. அது இருக்கிறவருக்கு நான் பழைய சொகுசுக் காரை மனதார வாங்கச் சொல்வேன். அந்த ஓட்டத்தின் நிசப்தமும் நிதானமும் நிஜமானவை, அதை விரும்புவதில் தப்பே இல்லை. உங்களிடம் இன்று அது இல்லை. ஒன்றரை, இரண்டு வருடம், இந்தக் கடனுக்குக் கட்டப்போகும் தவணையை உங்கள் கணக்கிலேயே போட்டு வாருங்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் போட முடிந்தால், உங்களால் அந்தக் காரை வைத்துக்கொள்ள முடியும் என்பது மனைவிக்கும் தெரிந்துவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும்.

அப்போது வேறு காரைத் தேடுங்கள். நான்கைந்து வயது, பெட்ரோல், சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷன், ஒரே உரிமையாளர், முதல் நாளிலிருந்து சர்வீஸ் ரசீதுகள். ஒரு படி சின்ன மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. லெக்சஸ் இஎஸ் போல, டொயோட்டாவின் சாதாரணக் கார்களோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் கார்களையும் பாருங்கள். பெயரில் அவ்வளவு மினுமினுப்பு இல்லாமல் இருக்கலாம், பின்சீட்டின் சொகுசில் குறையில்லை.

ஆனால் அப்பாவுக்கு 74 என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டு வருடம் காத்திரு என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அதனால் காரையும் அப்பாவின் பயணத்தையும் பிரித்துவிடுங்கள். அதே மாதிரிக் காரை இரண்டு நாளைக்கு, நீங்களே ஓட்டும்படி வாடகைக்கு எடுங்கள். அவர் அந்த முதலாளியைக் கூட்டிக்கொண்டு போன இடங்களுக்கு நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பெரிய ரிப்பேர் பில்லில் சிறு பகுதிதான் ஆகும்.

அதில் எனக்கு ஒரு தொழில்முறை அக்கறையும் உண்டு. செடானின் சீட் தாழ்வானது. தேய்ந்த முழங்காலோடு உள்ளே இறங்குவது சுலபமாகத் தெரியும், எழுந்து வெளியே வருவதுதான் கஷ்டம். ஏர் சஸ்பென்ஷன் அதற்கு உதவும் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு நாளில் அவர் எப்படி இறங்குகிறார், கதவின் எந்த இடத்தைப் பிடிக்கிறார், நீங்கள் கைகொடுக்க வேண்டியிருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். நாளைக்கு எந்தக் காரை வாங்குவது என்பதில் என் ஸ்கேனரைவிட அது உங்களுக்கு உதவும்.

காரைப் பார்க்கப் போகும் அந்தக் காலையில் அவரையும் அழைத்துப் போங்கள். 31 வருடம் ஒரே முதலாளியின் காரைத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்த மனிதர். அந்த முதல் மூன்று நொடிச் சத்தத்தில் எது சரியில்லை என்று அவருடைய காதுக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்று தலையசைத்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.